மன்னாரில் பிலிம் கழுவுதல்



மன்னாரைப் படமெடுப்போர்க்கு அதன் வானம் பெருஞ் செல்வம். எடுத்த பிலிமை வீட்டிலே கழுவுவோர்க்கு அதே வானம் பெருஞ் சோதனை. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் வரை எங்கு நின்று பார்த்தாலும் மலை இல்லை. அடர்ந்த காடும் இல்லை. படத்தின் முக்காற் பங்கை வானமோ, அலையில்லாக் கடலோ, உப்பளத்தின் வெளிர் நிலமோ நிரப்பிவிடும். கண்டியின் மலைச்சரிவை எடுத்த படத்தில் ஒரு கீற்று விழுந்தால் அது இலைகளுக்கிடையே மறைந்து போகும். வங்காலைக் களப்பின் மேலே விரிந்த வானத்தில் விழுந்த கீற்றுக்கு மறைய இடமில்லை.

கறுப்பு வெள்ளைப் பிலிம் வழக்கொழிந்து விட்டது என்று எண்ணுவோர் பலர். எனினும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதனை இன்றும் செய்து விற்கின்றனர். இருட்டறை இல்லாமலே, ஒளிபுகாத சிறு தாங்கி ஒன்றையும் இரண்டு மூன்று மருந்துகளையும் வைத்துக்கொண்டு அதனை வீட்டிலே கழுவுவோரும் உலகின் பல பாகங்களில் உளர். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இந்தக் கீற்றுகளைப் பற்றியதே. அதற்குக் கிடைக்கும் விடைகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. தாங்கியை அசைத்தது போதாது, இன்னும் அசைக்க வேண்டும் என்பார் ஒருவர். அளவுக்கு மீறி அசைத்துவிட்டீர், குறைக்க வேண்டும் என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் ஒரே கீற்றுக்கு இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. நோயின் குறியைப் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியம் இது. மன்னார் போன்ற வெப்பமான கரையிலோ, அசைத்தலுக்கு முன்னே நிற்கும் குற்றவாளி வேறொன்றாக இருப்பதே பெரும்பான்மை.

முதலில், அசைத்தல் எதற்கு என்பதைப் பார்ப்போம். பிலிமின் ஒரு பக்கத்தில் ஜெலற்றின் என்னும் பசைப்படலம் உண்டு. அதனுள்ளே வெள்ளியின் உப்புகள் பொதிந்திருக்கின்றன. ஒளி பட்ட உப்புகளை டெவலப்பர் கரிய வெள்ளியாக மாற்றுகிறது. அவ்வாறு மாற்றும்போது டெவலப்பரின் வலு அந்த இடத்தில் குன்றுகிறது. அதே நேரத்தில் உப்பிலிருந்து புரோமைட்டு வெளிப்படுகிறது. புரோமைட்டு மேற்கொண்டு நடைபெறும் வேலையைத் தடுக்கும் இயல்புடையது. ஆகவே வேலை மிகுதியாக நடந்த இடத்தின் மேலே சோர்ந்த நீர் தேங்கி நிற்கும். அதனை அகற்றிப் புது நீரைப் படலத்தின் முன்னே கொணர்வதே அசைத்தலின் நோக்கம். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

தாங்கியினுள்ளே பிலிம் றீலில் சுற்றப்பட்டு, ஒரு விளிம்பு மேலேயும் மறு விளிம்பு கீழேயுமாக நிற்கிறது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். சோர்ந்த நீர் சற்றுக் கனமானது. அசைக்காமல் விட்டால் அது மெல்லக் கீழ்நோக்கி வழியும். வழியும் தடமெல்லாம் டெவலப்பரின் வேலை குறையும். ஆகவே நெகற்றிவில் கரிய பகுதியிலிருந்து ஒரு வெளிர் வால் நீளும். அச்சிட்ட படத்தில் அது இருண்ட வாலாகத் தோன்றும். பள்ளிமுனையிலுள்ள புகழ்பெற்ற பெருக்கமரத்தை வானத்தின் முன்னே நிறுத்திப் படமெடுத்தால் இதற்கு எதிர்மாறான விளைவையும் காணலாம். மரத்தின் கிளை நெகற்றிவில் ஏறக்குறையத் தெளிந்த இடம். அங்கே டெவலப்பருக்கு வேலை இல்லை. ஆதலால் வலுக் குன்றாத நீர் அங்கிருந்து பக்கத்து வானத்தின் மீது வழிந்து, அந்தத் தடத்தை மட்டும் மேலும் கருமையாக்கும். அச்சில் கிளையின் நுனியிலிருந்து ஒரு வெண்கீற்று வானத்தில் நீளும். இவ்விரண்டும் அசைத்தல் போதாமையின் குறிகள். இவற்றின் அடையாளம், ஒரே திசையில் மட்டும் நீள்வது. படத்திலுள்ள ஏதேனும் ஒரு பொருளிலிருந்து தொடங்குவது.

மிகையாக அசைத்தலின் குறி வேறு. 35 மில்லிமீற்றர் பிலிமின் இரு ஓரங்களிலும் பற்சக்கரத்துக்கான துளைகள் உண்டு. தாங்கியை வேகமாகக் குலுக்கும்போது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் குலுக்கும்போது, டெவலப்பர் அத்துளைகளின் ஊடாகப் பீறிட்டுப் பாயும். துளைக்கு நேரே உள்ள பகுதி மற்றப் பகுதியினும் மிகுதியாகக் கறுக்கும். அச்சில் துளைகளின் இடைவெளிக்கு ஒப்பான இடைவெளியில், சீப்பின் பற்கள் போல வெண்பட்டைகள் வானத்தின் விளிம்பில் வரிசையாக நிற்கும். இந்தச் சீப்புப் பற்களைக் கண்டவர் குலுக்குவதைக் குறைத்தேயாக வேண்டும். ஓரத்துளை இல்லாத 120 பிலிமில் இத்தகைய பற்கள் தோன்றா. ஆயினும் இரு விளிம்புகளும் நடுவினும் கறுத்திருந்தால் அதுவும் ஒரே விதமான வேக அசைவின் பயனாக இருக்கலாம்.

சில கறைகளுக்கும் அசைத்தலுக்கும் தொடர்பே இல்லை. சுருளின் முழு நீளத்துக்கும் ஒரு விளிம்பு மட்டும் வெளிறிக் கிடந்தால், தாங்கியில் ஊற்றிய மருந்து போதவில்லை என்பதே பொருள். பிளாத்திக்குத் தாங்கிகளின் அடியில் வேண்டிய அளவு பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். 35 மில்லிமீற்றர் சுருள் ஒன்றுக்கு 300 மில்லிலீற்றரளவும், 120 சுருளுக்கு 500 மில்லிலீற்றரும் வேண்டும். சிக்கனம் கருதி இதிற் கைவைப்பவர் ஒரு முழுச் சுருளையும் இழப்பார். அச்சில் சிறு சிறு கரிய வட்டங்கள் தோன்றினால் அவை காற்றுக் குமிழிகள் ஒட்டி நின்ற இடங்கள். மருந்தை ஊற்றியதும் தாங்கியின் அடியை மேசையில் இரண்டு மூன்று முறை தட்டினால் குமிழிகள் அகன்றுவிடும். பிலிமின் நீளவாட்டில், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கும் தொடர்ந்து ஓடும் மயிர்க்கோடு மணலின் வேலை. பிலிம் கூட்டின் வாயிலுள்ள வெல்வெற்றில் ஒரு மணல் ஒட்டிக்கொண்டால் போதும். சோளகக் காற்று வீசும் நாட்களில் மன்னார்க் கரையிலே கமராவைத் திறப்பவர் இதனை மறக்கக் கூடாது.

ஒளிக் கசிவைக் கழுவுதலின் குற்றமாக எண்ணி மருந்தை மாற்றுவோரும் உண்டு. இதனைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உளது. இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒளி பட்டதில்லை. ஆகவே எவ்வளவு குலுக்கினாலும் குலுக்காவிட்டாலும் டெவலப்பர் அங்கே கருங்கீற்று எதனையும் உண்டாக்க இயலாது. கீற்று அந்த இடைவெளியையும் கடந்து, துளைகள் வரை பரவியிருந்தால் கமராவின் கதவையோ தாங்கியின் மூடியையோ சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆயினும் பலரும் செய்யாமல் விடுவது இதனையே. அன்றியும், கணினித் திரையில் மட்டும் கீற்றைக் கண்டவர் நெகற்றிவை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தல் நன்று. நெகற்றிவில் இல்லாத கோடு வருடியின் கோடு.

ஈரப் படலத்தில் கறையும் கீற்றும் விழுவது இத்தீவுக்குப் புதிய தொல்லை அன்று. யூலியா மார்கரெற் கமரன் என்னும் ஆங்கிலேயப் பெருமாட்டியார் 1875 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தங்கி, 1879 இல் இங்கேயே காலமானார். அவர் கையாண்டது கண்ணாடித் தட்டில் ஈரமான கொலோடியனைப் பூசிப் படமெடுக்கும் முறை. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலே கீற்றும் கறையும் இருந்தமைக்காக அக்காலத்துப் புகைப்படத் துறையினர் அவரைக் குறை கூறினர். அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தவர் அவரைப் பெருங்கலைஞர் எனப் போற்றுகின்றனர். இதனைக் கேட்டு, கீற்று இருந்தால் என்ன என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். கமரன் அம்மையார் தாம் விரும்பிய முகத்தை மீண்டும் மீண்டும் அமர்த்திப் படமெடுக்க வல்லவர். அந்த வாய்ப்பு எல்லோர்க்கும் எப்போதும் கிட்டுவதில்லை.

மன்னாரில் இது வெறும் அலங்காரப் பேச்சன்று. 1990 ஆம் ஆண்டில் இக்கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்றன. அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் மக்கள் கடல் வழியே கற்பிட்டிப் பக்கம் சென்றனர். அவ்வாறு போனோர் கையில் எடுத்துச் சென்றவை மிகச் சில. அவற்றுள் புகைப்பட அல்பத்துக்கு இடம் கிடைத்திருந்தால் அது அரிய நற்பேறு. ஆகவே தாத்தாவின் முகம் எப்படியிருந்தது என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத வீடுகள் இக்கரையில் உண்டு. 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் கூரையிட்ட வீட்டின் முன்னே ஒரு மூதாட்டியை அமர்த்தி எடுக்கும் படம், அந்தக் குடும்பத்தின் முதற் படமாகவும் இருக்கலாம். அவருடைய கடைசிப் படமாகவும் இருக்கலாம். அவர் நெற்றிக்குக் குறுக்கே ஒரு கீற்று விழுந்தால், கழுவியவருக்கு அது தொழிற் குறை. வீட்டாருக்கு அது வேறொன்று.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். அது வெப்பம். பிலிம் செய்வோர் தரும் கால அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டவை. மன்னாரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 28 பாகையளவில் நிற்கிறது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் கழுவும் காலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் நீர் கலவாமற் கழுவ 20 பாகையில் ஏழரை நிமிடம் வேண்டும். 28 பாகையில் அதே வேலை மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலான காலத்தில் முடிந்துவிடும்.

இங்கேதான் தொல்லை பிறக்கிறது. தாங்கியில் மருந்தை ஊற்றி நிரப்பப் பதினைந்து விநாடி செல்லும் என்று கொள்க. மூன்று நிமிடக் கழுவலில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் பிலிமின் ஒரு பகுதி நனைந்தும் மறுபகுதி நனையாமலும் இருக்கும். அந்த வேறுபாடு வானத்திலே பட்டையாகத் தெரியும். அதன்பின் அசைக்கும் ஒவ்வொரு அசைவின் தடமும் மற்ற அசைவுகளால் மழுங்குவதற்குப் போதிய அவகாசம் இல்லாமற் போகும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த காலத்திற் கழுவினால் சீரின்மை நேரலாம் என்று கொடக் நிறுவனத்தாரும் எச்சரித்திருக்கின்றனர். ஆனால் பட்டையைக் கண்டவர் தாம் அசைத்ததே போதவில்லை என்று எண்ணி அடுத்த முறை வேகமாகக் குலுக்குவார். அப்போது சீப்புப் பற்கள் வந்து சேரும். பின்னர் அஞ்சி அசைப்பதைக் குறைப்பார்; வால்கள் தோன்றும். இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலைந்து பிலிமையும் பொருளையும் வீணாக்குவோர்க்கு, அவர்களுடைய கை குற்றமற்றது என்பதை யாரேனும் சொல்ல வேண்டும். குறைவாயிருந்தது காலமே.

காலத்தை மீட்க இரு வழிகள் உண்டு. ஒன்று குளிர்வித்தல். பனிக்கட்டி போட்டு டெவலப்பரை 20 பாகைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அடுத்து ஊற்றும் ஹைப்போவும் கழுவும் நீரும் 30 பாகையில் இருந்தால் பயனில்லை. குளிர்ந்த ஜெலற்றின் திடீரென வெந்நீரைச் சந்திக்கும்போது சுருங்கி வெடித்த வலைபோன்ற தோற்றம் பெறக்கூடும். இக்காலப் பிலிம்கள் இதனை ஓரளவு தாங்குமாயினும், எல்லா நீர்களும் ஒரே வெப்பநிலையில் இருத்தலே பாதுகாப்பு. அதற்குப் பனிக்கட்டியைக் காட்டிலும் மண்பானை மேலானது. உலர்ந்த காற்று வீசும் மாதங்களில், ஈரத்துணி சுற்றிய பானையில் இரவு முழுதும் வைத்த நீர் அறையின் வெப்பத்தினும் சில பாகை தணிந்திருக்கும். டெவலப்பர்ப் போத்தல், ஹைப்போப் போத்தல், தாங்கி மூன்றையும் அந்நீர் ஊற்றிய ஓர் அகன்ற பாத்திரத்தில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மூன்றும் ஒரே நிலைக்கு வந்துவிடும். அது 26 பாகையானாலும் கவலை இல்லை.

மற்றையது நீர் கலத்தல். இதுவே சிறந்த வழி. அதே ஐடி-11 மருந்துடன் சம அளவு நீர் கலந்தால் 20 பாகையில் 13 நிமிடம் வேண்டும். 28 பாகையில் ஐந்தரை நிமிடமளவு. ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு நீர் கலந்தால் 20 பாகையில் 20 நிமிடம். 28 பாகையில் எட்டரை நிமிடமளவு. பதினைந்து விநாடி அப்போது முப்பத்துநான்கில் ஒரு பங்கே ஆகும். வெப்பம் பறித்துக்கொண்ட காலத்தை நீர் திருப்பித் தந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு சுருளுக்கு மூல மருந்து 100 மில்லிலீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. ஆகவே மூன்று பங்கு நீர் கலப்பவர் 400 மில்லிலீற்றர் கொள்ளும் தாங்கியைப் பயன்படுத்த வேண்டும். கொடக்கின் டி-76 மருந்தும் இவ்வாறே நடந்துகொள்ளும்.

காலம் கிடைத்தபின் அசைத்தல் எளிய வேலை. தொடக்கத்துப் பத்து விநாடிக்குள் தாங்கியை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துதல். பின்னர் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அவ்வாறே நான்கு முறை. ஒவ்வொரு தடவையும் முடிவில் அடியைத் தட்டுதல். இல்ஃபோர்ட் நிறுவனத்தார் கூறும் முறை இது. கவிழ்க்கும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் நீர் ஒரே பாதையில் ஓடாது; அதுவே சீப்புப் பற்களுக்கு மாற்று. தாங்கியை நிறைய நிரப்பிவிடாமல் மேலே சிறிது காற்றிடம் விடுதலும் வேண்டும். காற்றிடம் இல்லையெனில் எத்தனை முறை கவிழ்த்தாலும் உள்ளே நீர் புரளாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி அசைப்போரும் உளர். இரண்டும் நல்ல முறைகளே. இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று மாற்றுபவர்க்கு எதுவும் பலிக்காது.

இத்தனையும் செய்த பின்னர், உலர்ந்த பிலிமில் வெண்மையான கீற்றுகளைக் கண்டு மனமுடைவோர் உண்டு. அவை பெரும்பாலும் கிணற்று நீரின் தடங்கள். மன்னார்த் தீவின் மணற்பரப்பில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் ஓர் ஒடுங்கிய அடுக்கு. வறண்ட மாதங்களில் உப்பும் சுண்ணமும் அதில் மிகும். அத்தகைய நீர் பிலிமின் மேல் உலர்ந்தால் சுண்ணப் படிவை விட்டுச் செல்லும். பிலிமைச் சாய்த்துப் பார்த்தால் அது மேலே படிந்திருப்பது தெரியும். ஊடாகப் பார்க்கும்போது மங்கிவிடும். கொதிக்க வைத்து ஆறிய நீரை வடித்தெடுத்தால் சுண்ணத்தின் ஒரு பகுதி நீங்கும், உவர்ப்பு நீங்காது. ஆகவே இறுதி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ வைத்திருத்தல் நன்று. வாடைக் காற்றோடு வரும் மழையில் கூரை ஒருமுறை நன்றாகக் கழுவப்பட்ட பின் பிடித்த நீர் ஒரு போத்தல் இருந்தால் பல சுருள்களுக்குப் போதும். நீர் வழிந்து செல்வதற்கான அலசு மருந்தில் இரண்டொரு துளியும் அதிற் சேர்க்கலாம்.

நீர் அருமையான ஊரில் ஓடும் குழாயின் கீழே அரை மணி நேரம் அலச வேண்டும் என்பதும் இல்லை. ஹைப்போவுக்குப் பின் தாங்கியை நீரால் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டி, மீண்டும் நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக இருபது முறை என்று அலசினால் போதும். கடல்நீர் ஹைப்போவை நன்னீரினும் விரைவாக நீக்கும் என்பதும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆய்வுகளில் அறியப்பட்டது. வடிகட்டிய கடல்நீரில் அலசலாம். ஆயினும் உப்புத் தங்கினால் வெள்ளிக்குக் கேடாதலால், முடிவில் நன்னீரில் நன்றாக அலசியே தீரவேண்டும்.

சுண்ணத் தடம் விழுந்துவிட்டால் விரலாலோ துணியாலோ துடைக்கக் கூடாது. அழுத்தித் துடைக்கும்போது மணல் கீறிவிடும். பிலிமை மீண்டும் மழைநீரில் ஊறவைத்து, காற்று அடியாத அறையில் தொங்கவிட்டால் அது பெரும்பாலும் மறையும். பால்போன்ற திட்டுகள் தெரிந்தால் ஹைப்போ போதவில்லை. புதிய ஹைப்போவில் மீண்டும் இட்டால் அவையும் தெளியும். டெவலப்பரில் விழுந்த கீற்றுக்கு மட்டும் இத்தகைய மீட்சி கிடையாது. அச்சிடும்போது அவ்விடத்தை மறைத்தும் வெளிச்சம் கூட்டியும் ஓரளவு தணிக்கலாம், கணினியிலும் திருத்தலாம், நெகற்றிவில் அது நெகற்றிவ் உள்ளவரை இருக்கும்.

ஆதலால் மூதாட்டியின் முகம் பதிந்த சுருளைக் கழுவுமுன், வேறொரு சுருளைப் பலியிடுதல் தகும். அதில் மன்னாரின் வெறும் வானத்தை மட்டும், சூரியன் இல்லாத திசையில், முப்பத்தாறு முறையும் எடுக்க வேண்டும். இருட்டுப் பையினுள்ளே அதனை மூன்று துண்டாக வெட்டி, முதல் துண்டை வழக்கமான முறையிலும், இரண்டாவதை நீர் கலந்து நீண்ட காலத்திலும், மூன்றாவதை அதே கலவையில் மணிக்கட்டைத் திருப்பி மெல்லக் கவிழ்த்தும் கழுவிப் பார்க்கலாம். உலர்ந்த மூன்று துண்டுகளையும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்துப் பார்த்தால், கீற்று எந்தத் துண்டில் நின்றது, எதில் மறைந்தது என்பது தெரிந்துவிடும். அதன்பின் மற்றச் சுருளைத் தாங்கியில் ஏற்றலாம்.